பிடிச்சிருந்தா ஏஸ் இல்லையாக்கா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு பதினோரு மணிக்குச் சித்தி மகள் கோயம்புத்தூரிலிருந்து கூப்பிட்டாள். அந்த நேரத்தில் சொந்தக்காரர் எண் திரையில் தெரிந்தாலே வயிற்றைப் பிசையும். "யாருக்கும் ஒண்ணும் இல்லக்கா" என்று அவளே முதலில் சொல்லிவிட்டாள். அப்புறம் வெகுநேரம் பேச்சே இல்லை. விடுதி அறையின் மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"அக்கா, பொங்கலுக்கு வந்தப்ப உன்னைப் பத்திச் சொன்னல்ல? நானும் அப்படித்தான்னு அன்னிக்கே தோணுச்சு. ஆனா இப்ப ஒருத்தரைப் பிடிச்சிருக்கு. ரொம்பப் பிடிச்சிருக்கு. அவர் மெசேஜ் வரலன்னா சோறு இறங்கல. ஆனா தொடணும், கட்டிக்கணும், அதுக்கு மேல எதுவும்... தோணவே இல்ல. பிடிச்சிருந்தா நான் ஏஸ் இல்லையாக்கா?"

ஏஸ்தான், ஒரு சந்தேகமும் வேண்டாம் என்று உடனே சொன்னேன். அவள் விடவில்லை. "அப்ப இதுக்குப் பேர் என்ன? காதலா?"

அதற்கு என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. எழுதித் தருகிறேன் என்றேன். அவளுக்காகத் தொடங்கியதுதான் இது. அவள் அனுமதியோடு உங்களுக்கும் படிக்கத் தருகிறேன். அகப்பாட்டில் வருகிற தலைவன் தலைவியின் பெயரைச் சொல்லக்கூடாது என்று நம் இலக்கணத்தில் ஒரு விதி உண்டு. நானும் என் வாழ்க்கையில் வந்தவர்கள் யார் பெயரையும் இங்கே சொல்லப்போவதில்லை.

முதலில் 'ஏஸ்' என்ற முதல் சொல்லைப் பற்றி.

எனக்கு அது கிடைத்தது 2012-இல். 24 வயது. திருவல்லிக்கேணியில் ஒரு பெண்கள் விடுதியில் இருந்தேன். கும்பகோணத்தில் அம்மா ஜாதகக் கட்டை எடுத்துவிட்டிருந்தார். அதற்கு முந்தின வருடம், எனக்கு என்னமோ குறை என்று நானே முடிவு கட்டி ஒரு மருத்துவரிடம் போயிருந்தேன். அவர் என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல், "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்மா" என்று சொல்லி ஒரு சத்து டானிக் எழுதிக்கொடுத்தார். இரும்புச்சத்து டானிக். அதை முழுப் பாட்டிலும் குடித்தேன். சரியாகிவிடும் என்று உண்மையிலேயே நம்பினேன்.

பிறகு ஓர் இரவு 'ஏசெக்ஷுவல்' என்ற சொல் கண்ணில் பட்டது. யார் மீதும் பாலீர்ப்பு தோன்றாதவர்கள், அல்லது மிக அரிதாகத் தோன்றுகிறவர்கள். சுருக்கமாக 'ஏஸ்'. 2001-இல் டேவிட் ஜே என்ற அமெரிக்கக் கல்லூரி மாணவர், தன்னைப் போன்றவர்கள் ஒருவரையொருவர் கண்டுகொள்வதற்காக 'ஏவன்' என்ற அமைப்பை இணையத்தில் தொடங்கியிருந்தார். 2004-இல் கனடாவின் ஆந்தனி போகார்ட் என்ற உளவியலாளர் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருந்தார். பிரிட்டனில் 18,000-க்கும் அதிகமானவர்களிடம் எடுத்த ஒரு பழைய கணக்கெடுப்பை அவர் மறுபடி பார்த்தபோது, 'யார் மீதும் எனக்குப் பாலீர்ப்பு தோன்றியதே இல்லை' என்ற விடையை ஏறக்குறைய 1 சதவீதம் பேர் தேர்ந்தெடுத்திருந்தார்கள். நூற்றுக்கு ஒருவர். எங்கள் தெருவில், எங்கள் கல்லூரி வகுப்பில், நான் ஏறுகிற மின்சார ரயில் பெட்டியில் ஒருவராவது இருந்திருப்பார் என்று அன்றிரவு எண்ணிப் பார்த்தேன். விடிகிறவரை தூக்கம் வரவில்லை. அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், நல்ல அழுகைதான்.

இது விரதம் இல்லை. பிரம்மச்சரியம் என்பது ஆசை இருந்தும் அடக்குவது. ஏஸ் என்பது அடக்குவதற்கென்று ஒன்று எழாதிருப்பது. நோயும் இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட ஐந்தாம் பதிப்புக் கையேட்டில், ஒருவர் தன்னை ஏசெக்ஷுவல் என்று உணர்ந்து சொன்னால் அவருக்கு 'ஆசைக் குறைபாடு' என்று நோய்ப் பெயர் சூட்டக்கூடாது என்று எழுதிவிட்டார்கள். அந்த வரி எனக்கு இரண்டு வருடம் முன்னால் கிடைத்திருந்தால் டானிக் பாட்டில் மிச்சம்.

நம் ஊரில் இதற்கு ஒரு விசித்திரமான வரலாறு இருக்கிறது. பதினாறு வயதில் எனக்கு இதற்காகப் பாராட்டு கிடைத்தது. "எம்பொண்ணு குனிஞ்ச தலை நிமிர மாட்டா, பசங்க பக்கம் திரும்பிக்கூடப் பாக்க மாட்டா" என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லிப் பூரிப்பார். நான் ஒழுக்கமாக இருந்ததாக எல்லோரும் நினைத்தார்கள். உண்மையில் நான் எந்த முயற்சியும் செய்யவில்லை. இருபத்தைந்தைத் தாண்டியதும் அதே குணம் குறையாக மாறியது. அன்று மெச்சிய அதே வாய்கள், "இவளுக்கு ஏதோ இருக்கு, எங்கயாச்சும் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க" என்றன. நான் மாறவே இல்லை. அவர்களுக்குத் தேவையான காலம் மாறியிருந்தது. இந்தத் திருப்பத்தைத் தமிழ்ப் பெண்கள் அறிகிற அளவுக்கு, எனக்கு அந்தச் சொல்லைக் கொடுத்த அமெரிக்கர்கள் அறிவார்களா என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

முதல் சொல் ஓர் இரவில் பொருந்திவிட்டது. இரண்டாவது சொல்லுக்குத்தான் வருடக்கணக்கில் அலைந்தேன்.

ஏஸ் என்று சொன்னதும் இந்த வட்டத்தில் அடுத்த கேள்வி வரும்: காதல் ஈர்ப்பு எப்படி? ஆண் மீதா, பெண் மீதா, எல்லோர் மீதுமா, யார் மீதும் இல்லையா? யார் மீதும் காதல் ஈர்ப்பு தோன்றாதவர் 'ஏரோமான்டிக்', சுருக்கமாக 'ஏரோ'. பழகிப் பழகி நெருக்கம் ஊறிய பிறகே தோன்றுகிறவர் 'டெமிரொமான்டிக்'. இப்படிப் பத்து இருபது பெயர்கள் உண்டு. ஏஸ்களில் காதலிக்கிறவர்கள் உண்டு, காதலிக்காதவர்களும் உண்டு. ஏரோக்களில் பாலீர்ப்பு உள்ளவர்களும் உண்டு. அதாவது உடலின் ஈர்ப்பும் மனத்தின் ஈர்ப்பும் ஒரே கயிற்றின் இரண்டு முனை இல்லை, இரண்டு தனிக் கயிறுகள். பெரும்பாலானவர்களுக்கு அவை முறுக்கிக்கொண்டு ஒன்றாக வருவதால் இரண்டு என்பதே தெரிவதில்லை.

இந்தப் பிரிப்பு நேற்று முளைத்தது என்று சிலர் சொல்வார்கள். இல்லை. 19-ஆம் நூற்றாண்டிலேயே கார்ல் ஹைன்ரிக் உல்ரிக்ஸ் என்ற ஜெர்மானிய வழக்கறிஞர், ஒரு மனிதருக்கு மென்மையான அன்பு ஒரு பாலினத்தின் மீதும் உடல் வேட்கை வேறொரு பாலினத்தின் மீதும் இருக்கலாம் என்று எழுதிவைத்திருக்கிறார். 1948-இல் ஆல்ஃபிரட் கின்சி மனிதர்களை 0 முதல் 6 வரை ஓர் அளவுகோலில் நிறுத்தினார். அதில் எங்கும் நிற்காதவர்களை 'எக்ஸ்' என்று குறித்துத் தனியே வைத்துவிட்டு நகர்ந்துவிட்டார். அந்த எக்ஸ் நாங்கள்தான். 2003-இல் லிசா டயமண்ட் என்ற உளவியலாளர், காதலில் விழுவதும் பாலுறவு வேட்கையும் வேறு வேறு வேர்களிலிருந்து வருபவை, ஒன்றில்லாமல் மற்றது தோன்ற முடியும் என்று விரிவாக வாதிட்டார்.

ஜெர்மனிக்கும் அமெரிக்காவுக்கும் போகவேண்டியதே இல்லை என்றும் எனக்குத் தோன்றும். 1996-இல் அகத்தியன் 'காதல் கோட்டை' எடுத்தார். இருவர் ஒருவரையொருவர் பார்க்காமலே கடிதத்திலும் தொலைபேசியிலும் காதலிக்கிறார்கள். முகம் தெரியாது, உயரம் தெரியாது, நிறம் தெரியாது. தமிழ்நாடே அதைக் காதல் என்று ஒப்புக்கொண்டு கண்ணீர் விட்டது. அதற்கு ஐந்து வருடம் முன்பு 'இதயம்' படத்தில் முரளி சொல்லாமலே காதலித்துக்கொண்டிருந்தார். அதையும் காதல் என்றோம். உடல் ஈர்ப்பு இல்லாமல் காதல் ஏது என்று என்னைக் கேட்ட அதே அத்தை, காதல் கோட்டையைத் தொலைக்காட்சியில் எத்தனை தடவை போட்டாலும் கடைசி ரயில் நிலையக் காட்சிவரை உட்கார்ந்து பார்ப்பவர். அவர் நம்பிக்கையில் ஏற்கெனவே இடம் இருக்கிறது. அந்த இடத்தில் எனக்கு ஒரு நாற்காலி போட்டுக்கொடுத்தால் போதும்.

இனி நான் மறைக்க விரும்பாத ஒன்று.

திருச்சியில் பி.காம். படித்தபோது ஒருவன் இருந்தான். நூலகத்தில் ஒரே புத்தகத்துக்கு இருவரும் கை நீட்டிப் பழக்கமானது. மாலையில் சத்திரம் பேருந்து நிலையம்வரை நடப்போம். விடுமுறைக்கு ஊருக்குப் போனால் அவனுக்குப் பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதுவேன். பதில் வருகிற நாளில் தபால்காரர் சைக்கிள் மணிக்கு முன்னால் வாசலில் நிற்பேன். அவன் சிரித்தால் எனக்கு அன்றைய நாள் முழுவதும் நன்றாக இருக்கும். அது காதல் இல்லை என்று யாராவது சொன்னால் இன்றும் சண்டைக்கு நிற்பேன்.

மலைக்கோட்டைப் படிக்கட்டில் ஒரு நாள் கையைப் பிடித்தான். பிடித்திருந்தது. அதற்குமேல் நெருங்கினான். எனக்குள் எதுவுமே நடக்கவில்லை. அருவருப்பு இல்லை, பயம் இல்லை. வேறு யாருக்கோ எழுதிய கடிதத்தைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டிருப்பதுபோல இருந்தது. விலகினேன். அடுத்த ஆறு மாதத்தில் அது மூன்று நான்கு முறை நடந்தது. கடைசியில் ஒரு நாள் அவன், "அப்ப உனக்கு என்னைப் பிடிக்கலன்னு அர்த்தம்" என்றான்.

"பிடிக்கும்டா."

"பிடிச்சா இப்படி இருக்க மாட்ட."

என்னிடம் அன்று இருந்தது இரண்டே விடைகள்: பிடிக்கும், பிடிக்காது. பிடிக்கும், ஆனால் நீ நினைக்கிற மாதிரி இல்லை என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை. நான் அவனை ஏமாற்றியதாக நினைத்துக்கொண்டு போனான். நானும் அப்படித்தான் நினைத்தேன், ஏழெட்டு வருடம். இப்போது அவன் நன்றாக இருக்கிறான், இரண்டு பிள்ளைகள். அவனுக்கு நேர்ந்த காயத்தை நான் இன்றும் சுமக்கிறேன். இரண்டு பேரில் ஒருவருக்காவது அந்தச் சொல் தெரிந்திருந்தால் அது காயமாகியிருக்க வேண்டியதில்லை. 'எதற்கு இத்தனை பெயர்கள், மனிதர்களாக இருந்தால் போதாதா' என்று நல்லெண்ணத்தோடு கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் பதில் இந்தப் படிக்கட்டுதான்.

பெயர் வைப்பது வெளிநாட்டு வியாதி என்றும் சொல்கிறார்கள். உறவுக்குப் பெயர் வைப்பதில் தமிழைவிடக் கைதேர்ந்த மொழியை எனக்குத் தெரியாது. தொல்காப்பியம் கைக்கிளை தொடங்கிப் பெருந்திணைவரை காதலை ஏழாக வகுக்கிறது. ஒருதலையாக நின்றால் கைக்கிளை. பொருந்தாமல் போனால் பெருந்திணை. நடுவில் இருக்கிற ஐந்துக்கும் பொழுது உண்டு, பூ உண்டு; பாலை தவிர மற்ற நான்குக்கும் நிலமும் உண்டு. காத்திருத்தலுக்கு ஒரு பெயர், ஊடலுக்கு ஒரு பெயர், பிரிவுக்கு ஒரு பெயர். வள்ளுவர் நட்பை மட்டும் 79-ஆம் அதிகாரத்திலிருந்து 83-வரை ஐந்து அதிகாரங்களில் அலசியிருக்கிறார். நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு. ஒவ்வொன்றும் வேறு என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

சொற்களும் ஓர் இடத்தில் நிற்கவில்லை. சங்கப் பாடல்களில் காமம் என்றால் காதல் முழுவதும். ஏக்கம், நினைவு, உடல், கனவு எல்லாம் அதற்குள் அடக்கம். இன்று அந்தச் சொல்லைச் சுருக்கிச் சுருக்கி மஞ்சள் பத்திரிகை அட்டைக்குக் கொண்டுபோய்விட்டோம். காதல் என்ற சொல் எதிர்த்திசையில் போயிருக்கிறது. பழைய தமிழில் அது பேரன்புக்குப் பொதுப்பெயர். கம்பனில் 'காதலன்' என்றால் மகன் என்று பொருள் வருகிற இடங்கள் உண்டு. அந்த அகலமான சொல்லை ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவில், அதுவும் கல்யாணத்தில் முடிகிற ஒன்றுக்கு மட்டும் என்று நாம்தான் சுருக்கி வைத்திருக்கிறோம்.

கைக்கிளையில் கொஞ்சம் நிற்க ஆசை. 'லித்ரொமான்டிக்' என்று ஒரு பெயர் இருக்கிறது. காதல் தோன்றும், ஆனால் எதிரில் இருப்பவர் திருப்பிக் காதலிக்க வேண்டும் என்ற விருப்பம் இருக்காது. திருப்பிக் காதலித்தால் சிலருக்கு அந்த உணர்வே வற்றிவிடும். முதலில் படித்தபோது, நம் கைக்கிளைதான் இது என்று துள்ளினேன். பிறகு யோசித்தால் அப்படியில்லை. கைக்கிளையில் ஒரு குறை இருக்கிறது. மற்றவர் மனம் வராததால் அது பாதியில் நிற்கிறது. லித்ரொமான்டிக் ஒருவருக்கு அது பாதி இல்லை, அவருக்கு அவ்வளவுதான் முழுமை. மேலே பார்த்தால் ஒன்றுபோல இருக்கிற இரண்டை வேறு என்று காட்டுவதற்குத்தான் பெயர் வேண்டியிருக்கிறது. முன்னோர் ஏழோடு நிறுத்தியது அவர்கள் கண்ட அளவுக்கு. நாம் எட்டாவதைக் கண்டால் சொல்வதில் என்ன தப்பு? 2022 ஆகஸ்ட்டில், சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுகளை அடுத்து, பாலினமும் பாலீர்ப்பும் குறித்த சொற்களுக்குத் தமிழ்நாடு அரசு ஒரு தமிழ்ச் சொற்பட்டியலை அரசிதழிலேயே வெளியிட்டது. சட்டமும் ஊடகமும் இழிசொல் இல்லாமல் எங்களைக் குறிப்பிடுவதற்கு மரியாதையான சொற்கள் வேண்டும் என்று ஓர் அரசு ஒப்புக்கொண்ட நாள் அது. நான் அந்தப் பக்கங்களை அச்செடுத்து வைத்திருக்கிறேன்.

ஆனால் பெயர்களால் ஒரு தீங்கும் நடக்கிறது. அதில் எனக்கும் பங்குண்டு.

ஏஸ் என்று சொல்லும்போதெல்லாம் எதிரே இருப்பவர் முகத்தில் ஒரு பயம் தெரியும். இவள் கல்லா, மரமா? அந்தப் பயத்தைப் போக்க நான் அவசரமாகச் சொல்வேன்: "ஆனா எனக்குக் காதல் வரும். நானும் எல்லார் மாதிரிதான்." சென்னையில் ஏஸ்கள் சிலர் ஒரு பூங்காவில் கூடியபோது இதை நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஓர் இளைஞர் அமைதியாகக் கேட்டுவிட்டு, "அக்கா, எனக்குக் காதலும் வராது. நீங்க இப்படிச் சொல்ற ஒவ்வொரு தடவையும் நீங்க உள்ள போயிடுறீங்க, நான் வாசல்லயே நிக்கிறேன்" என்றார்.

அந்தச் சொல் என்னைச் சுட்டது. காதலை மனிதத்தன்மைக்கு அடையாள அட்டையாக நீட்டி நான் உள்ளே நுழைந்துகொண்டிருந்தேன். அட்டை இல்லாதவர்களின் கதி என்ன என்று நினைக்கவே இல்லை. அவர் எப்படிப்பட்டவர் தெரியுமா? பார்வை மங்கிய பாட்டிக்குத் தினமும் செய்தித்தாள் வாசித்துக் காட்டிவிட்டு வேலைக்குப் போகிறவர். நண்பன் விபத்தில் படுத்தபோது நாற்பது நாள் மருத்துவமனை வராந்தாவில் தூங்கியவர். அவரிடம் அன்பு இல்லை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? எலிசபெத் பிரேக் என்ற தத்துவவாதி 2012-இல் இதற்கு ஒரு பெயர் வைத்தார்: 'அமட்டோநார்மாட்டிவிட்டி'. எல்லோருக்கும் ஒரு காதல் ஜோடி வேண்டும், அந்த ஜோடிதான் மற்ற எல்லா உறவுக்கும் மேல், அது இல்லாதவர் வாழ்க்கை குறைபட்டது என்ற எழுதாத சட்டம். நான் அதை 'ஜோடிச் சட்டம்' என்று சொல்லிக்கொள்கிறேன். அன்றிலிருந்து அந்த 'ஆனா எனக்குக் காதல் வரும்' என்ற வாக்கியத்தை நான் சொல்வதில்லை.

நம் வீடுகளில் ஜோடிச் சட்டத்துக்குக் காதல்கூடத் தேவையில்லை, கல்யாணம் போதும். அங்கேதான் எங்களில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். தக்க காரணமில்லாமல் நீண்டகாலம் உடலுறவுக்கு மறுப்பது மனரீதியான கொடுமை, விவாகரத்துக்கு அது ஒரு காரணம் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொல்லியிருக்கிறது. சட்டத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. இன்னொருவர் ஒரு கனவோடு வந்து உட்கார்ந்திருக்கிறார், அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. தாலி ஏறுவதற்கு முன்னால் சொல்லிவிட ஒரு சொல்லும், சொல்வதற்குக் கொஞ்சம் துணிச்சலும் இருவரையும் காப்பாற்றும். டெல்லியைச் சேர்ந்த மருத்துவர் பிரகதி சிங் 'இந்தியன் ஏசஸ்' என்ற குழுவைத் தொடங்கி இந்த வேலையை வருடக்கணக்காகச் செய்துவருகிறார். 2019-இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தபோது அம்மாவிடம் காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். "டாக்டரே சொல்றாங்களா?" என்று ஒருமுறைதான் கேட்டார். ஜாதகக் கட்டு அந்த வருடம் பரணுக்குப் போனது.

சரி, என் இரண்டாவது சொல்?

2015-இலிருந்து நங்கநல்லூரில் ஒரு வாடகை வீட்டில் நானும் ஒரு தோழியும் இருக்கிறோம். அவள் பள்ளி ஆசிரியை. அவள் ஏஸ் இல்லை. ஒருவரைக் காதலித்து, அது முறிந்து, அதன் பிறகு போதும் என்று இருக்கிறாள். எங்களுக்குள் உடலும் இல்லை, சினிமாவில் காட்டுகிற காதலும் இல்லை. அவளைப் பார்த்து நெஞ்சு படபடத்ததில்லை. ஆனால் அவளுடைய அம்மாவின் சர்க்கரை அளவு எனக்கு மனப்பாடம். வருகிற தீபாவளிக்கும் அறுபதாவது வயதுக்கும் திட்டம் போடும்போது இருவருக்கும் சேர்த்தே போடுகிறோம்.

2019-இல் ஒரு நள்ளிரவு அவளுக்குக் குடல்வால் வெடிக்கிற நிலைக்கு வந்துவிட்டது. ஆட்டோ பிடித்து ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். உடனே அறுவை சிகிச்சை, கையெழுத்து வேண்டும் என்றார்கள். "நீங்க பேஷன்ட்டுக்கு யாரு?" என்று கேட்டார்கள். ஃப்ரெண்ட் என்றேன். "சொந்தக்காரங்க யாராச்சும் வரணும்மா." அவள் அம்மா திண்டிவனத்தில். விடியாமல் அவரால் வந்து சேர முடியாது. ஐந்து நிமிடம் மன்றாடிவிட்டு, "அக்கா... பெரியம்மா பொண்ணு" என்று பொய் சொன்னேன். உடனே பேனாவைக் கொடுத்துவிட்டார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்தபோது என் கை நடுங்கியதை இப்போதும் உணர முடிகிறது. அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற நடுக்கம் ஒன்று. நான்கு வருடம் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டும் அவளுக்கு நான் யாருமில்லை என்ற நடுக்கம் இன்னொன்று.

அதன் பிறகுதான் தேட ஆரம்பித்தேன். ஒருவர் மீது காதலும் பாலீர்ப்பும் இல்லாமல், நண்பராகியே தீரவேண்டும் என்று தோன்றுகிற பெருவிருப்பத்துக்கு 'ஸ்க்விஷ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அப்படி நெருங்கி, வாழ்க்கையையே சேர்த்துப் பின்னிக்கொண்டால் 'க்வியர்பிளாட்டானிக்' உறவு. ஏவனைத் தொடங்கிய டேவிட் ஜே பிற்காலத்தில், நண்பர்களான ஒரு தம்பதியின் குழந்தைக்குக் கலிஃபோர்னியச் சட்டப்படியே மூன்றாவது பெற்றோராக ஆனார். நண்பர்களோடு குடும்பம் ஆகலாம் என்று வாழ்ந்து காட்டியது எனக்குப் பெரிய தைரியம். இன்னொரு பெயரும் கிடைத்தது: 'க்வாரொமான்டிக்'. 'க்வா' என்றால் பிரெஞ்சில் 'என்ன'. எது காதல், எது நட்பு என்ற கோடே தன் வாழ்க்கைக்குப் பொருந்தவில்லை என்கிறவர்களின் பெயர் அது. திருச்சிக்காரனையும் நங்கநல்லூர்க்காரியையும் ஒரே மனத்தில் வைத்திருக்கும் எனக்கு அதுதான் சரி என்று தோன்றியது. யாராவது கேட்டால் அதைத்தான் சொல்கிறேன். நாளைக்கு வேறொன்று இன்னும் நெருக்கமாகப் பொருந்தினால் மாற்றிக்கொள்வேன்.

பிசிராந்தையார் கதையைச் சின்ன வயதில் தமிழய்யா சொன்னபோது வகுப்பே அமைதியானது நினைவிருக்கிறது. பாண்டிய நாட்டுப் புலவர். உறையூர்ச் சோழனைப் பார்த்ததே இல்லை. அவன் வடக்கிருந்து உயிர்விடப் போகிறான் என்றதும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அவர் வருவார், இடம் ஒதுக்கி வையுங்கள் என்று சோழனும் முன்பே சொல்லியிருந்தான். அவர்களை என் சொற்களுக்குள் இழுத்து அடைக்க மாட்டேன். அவர்கள் காலம் வேறு, அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் வேறு. ஆனால் அந்தக் கதையைக் கேட்ட நாற்பது பிள்ளைகளில் ஒருவர்கூட, 'இவர் அவனுக்கு யாரு? சொந்தக்காரங்க யாரும் இல்லையா?' என்று கேட்கவில்லை.

இவ்வளவையும் எழுதிச் சித்தி மகளுக்கு அனுப்பினேன். மறுநாள் கூப்பிட்டாள். "அப்ப என்னோடது காதலான்னு நீ சொல்லவே இல்லையேக்கா."

"அத நான் சொல்ல முடியாதுடி. அவரோட நீ என்னவா இருக்கணும்னு ஆசைப்படுற, அத முதல்ல சொல்லு."

யோசித்தாள். "தினமும் பேசணும். அவருக்கு உடம்பு சரியில்லன்னா நான்தான் போய்ப் பாக்கணும். வயசானாலும் இப்படியே இருக்கணும். வேற எதுவும் வேணாம்."

"இத அவர்கிட்ட இப்படியே சொல்லு. பேரை அப்புறம் பாத்துக்கலாம். அவருக்கு வேற வேணும்னா அதையும் அவர் சொல்லட்டும். இப்பவே சொல்லிடு, ஆறு மாசம் கழிச்சி வேணாம்."

சரி என்றாள். குரலில் பயம் இருந்தது. இன்னும் சொன்னாளா என்று தெரியவில்லை. நானும் கேட்டு நச்சரிக்கவில்லை.

எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 'க்வியர்பிளாட்டானிக்' என்ற சொல்லைத் தோழிக்கு விளக்கியபோது அவள் பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். சிவப்புப் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டாள். அவள் தமிழாசிரியை. "எனக்குத் தோழின்ற சொல்லே நிறைய இருக்கு. அகப்பாட்டுல தலைவிக்காகத் தாய்கிட்டப் பேசுறது யாரு? தலைவனைத் தடுத்து நிறுத்திக் கேள்வி கேக்குறது யாரு? தலைவி சொல்லாததையும் தெரிஞ்சி வெச்சிருக்கிறது யாரு? தோழிதான். அத நாமதான் சும்மா ஃப்ரெண்டுன்னு ஆக்கிட்டோம்" என்றாள். நான் பதில் பேசவில்லை. அவள் சொன்னது என்னுள் போய் உட்கார்ந்துகொண்டது.

போன வாரம் வங்கியில் என் வைப்புநிதிக்கு வாரிசு நியமனப் படிவம் நிரப்பினேன். பெயர் எழுதும் இடத்தில் அவள் பெயர். பக்கத்தில் 'உறவுமுறை' என்று ஒரு கட்டம். மருத்துவமனையில் சொன்னதுபோல அக்கா என்று எழுதவில்லை. தோழி என்று எழுதினேன். கவுன்டரில் இருந்த பெண் படிவத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"தோழின்னே போடவாம்மா?"

"தோழின்னே போடுங்க."

முத்திரை குத்தி ரசீதைக் கிழித்துக் கொடுத்தார்.